எல்எஸ் வி8 இஞ்சினில் இன்டேக் மேனிஃபோல்டு மாற்றுவது எப்படி?

ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வரிசை வி8 இஞ்சினில் இன்டேக் மேனிஃபோல்டை, அதாவது காற்றை எட்டு சிலிண்டருக்கும் பிரித்து அனுப்பும் பாகத்தை, பிடித்திருப்பது வெறும் பத்து எம்6 (6 மி.மீ. விட்டமுள்ள) போல்ட். கழற்றி மாட்டப் பெரிய பலம் தேவையில்லை. ஆனால் அந்தப் பத்துப் போல்ட்டுக்கு அடியில் எட்டு வாய்கள் இருக்கின்றன. எட்டும் காற்றுப் புகாமல் அடைபட்டால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. ஒன்றில் மெல்லிய இடைவெளி விட்டுப்போனாலும் ஐட்லிங் ஆடும், கலவை மெலியும் (காற்று மிகுந்து பெட்ரோல் குறையும்), செலவு செய்து வாங்கிய பவர் வராது. அதனால் இதை பவர் கூட்டும் வேலையாக நினைக்காமல், சீல் பிடிக்கும் வேலையாக நினைத்துத் தொடங்குங்கள். நிதானம் தானாக வரும்.

கீழே உள்ள அளவுகள் எல்எஸ்1, எல்எஸ்6, எல்எஸ்2, எல்எஸ்3 போன்ற இஞ்சின்களுக்கானவை. வேறு இஞ்சினாக இருந்தால் வேலையின் வரிசை பெரும்பாலும் இதேதான். முறுக்கு அளவை மட்டும் அந்த இஞ்சினின் சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன்

முதலில் பார்க்க வேண்டியது போர்ட், அதாவது காற்று நுழையும் வாயின் வடிவம். எல்எஸ்1, எல்எஸ்6, எல்எஸ்2 ஹெட்களில் (சிலிண்டர்களை மேலே மூடி, வால்வுகளைத் தாங்கும் பாகம்) இன்டேக் வாய் ஒடுங்கி உயரமாக, உச்சியில் கூம்பி இருக்கும். இதற்குப் பெயர் கதீட்ரல் போர்ட். எல்எஸ்3, எல்92 ஹெட்களில் அகலமான செவ்வக வாய். எல்எஸ்7 ஹெட்டின் வாய் இரண்டிலும் சேராத தனி வடிவம். ஒன்றின் மேனிஃபோல்டு இன்னொன்றில் சீல் ஆகாது. இஞ்சின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். பழைய கார்களில் ஹெட் மாற்றப்பட்டிருப்பது சகஜம். ஹெட்டில் உள்ள வார்ப்பு எண்ணைப் படித்து உறுதி செய்த பிறகு ஆர்டர் கொடுங்கள்.

அடுத்தது ரன்னர் நீளம். ரன்னர் என்பது மேனிஃபோல்டுக்குள் ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் தனிக் குழாய். விளம்பரத்தில் போட்டிருக்கும் குதிரைத்திறனை விட இதுதான் காரின் குணத்தைத் தீர்மானிக்கிறது. இன்டேக் வால்வு மூடும்போது, வேகமாக வந்துகொண்டிருந்த காற்று மூடிய வால்வில் மோதி அழுத்த அலையாகத் திரும்புகிறது. அது ரன்னர் வழியே பிளீனம் (எல்லா ரன்னருக்கும் பொதுவான காற்று அறை) வரை போய், அங்கே எதிரொலித்து மறுபடி வால்வை நோக்கி வருகிறது. வால்வு அடுத்து திறந்திருக்கும் நேரத்தில் அந்த அலை வந்து சேர்ந்தால் சிலிண்டருக்குள் கூடுதல் காற்று அடைபடும். நீண்ட ரன்னரில் அலை போய்வர நேரம் அதிகமாகும். அதனால் பலன் குறைந்த ஆர்.பி.எம்.மில் கிடைக்கிறது. ரன்னர் குட்டையாக இருந்தால் பலன் மேல் ஆர்.பி.எம்.முக்கு நகர்ந்துவிடும்.

கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) மாற்றாத எல்எஸ்1 ஏறக்குறைய 6,000 ஆர்.பி.எம்.மிலேயே மூச்சை விட்டுவிடும். அதன் தலையில் கார்பரேட்டர் பாணி குட்டை ரன்னர் மேனிஃபோல்டை வைத்தால் கீழே இருந்த இழுவை போகும். மேலே கிடைக்க வேண்டியதோ கேம் அனுமதிக்காததால் கிடைக்காது. தெருவில் ஓடும் காருக்கு நீண்ட ரன்னர் கொண்ட காம்போசிட் (பலப்படுத்திய பிளாஸ்டிக்) மேனிஃபோல்டுதான் சரி. ஃபாஸ்ட் நிறுவனத்தின் 92, 102 மி.மீ. மாடல்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. பெரிய கேம் போட்டு 7,000 ஆர்.பி.எம். வரை போகிற இஞ்சினுக்கோ டர்போ வைக்கிற இஞ்சினுக்கோ அலுமினிய குட்டை ரன்னர் பொருந்தும்.

உள்ளே போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியையும் சேர்த்தே யோசியுங்கள். எல்எஸ்1-இன் த்ராட்டில் பாடி 75 மி.மீ., மூன்று போல்ட். எல்எஸ்2 முதல் 90 மி.மீ., நான்கு போல்ட், எலக்ட்ரானிக். 102 மி.மீ. வாயுள்ள மேனிஃபோல்டு வாங்கி 75 மி.மீ. த்ராட்டிலை அடாப்டர் போட்டு மாட்டினால், வாங்கியதில் பெரும்பகுதி வீண். பெட்ரோலைத் தெளிக்கும் இஞ்செக்டரின் உயரமும் ஒன்றல்ல. எல்எஸ்1-இல் உயரமானது, எல்எஸ்3-இல் குட்டையானது. புதிய ஃபியூயல் ரெயில் (இஞ்செக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாய்) எந்த உயரத்துக்கு என்பதைக் கேட்டு வாங்குங்கள். உயரம் பொருந்தாவிட்டால் ஓ-ரிங் அரைகுறையாக உட்காரும். அங்கே கசிவது பெட்ரோல்.

பானெட் இடைவெளியை அளக்க எளிய வழி களிமண். புதிய மேனிஃபோல்டைப் போல்ட் போடாமல் வைத்து, அதன் உயரமான மூன்று நான்கு இடங்களில் இரண்டு விரல் உயரத்துக்கு மாடலிங் களிமண் உருண்டை வையுங்கள். பானெட்டை மெதுவாக மூடி, திறந்து, நசுங்கிய களிமண்ணின் தடிமனைப் பாருங்கள். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது இஞ்சின் மவுன்டில் அசைந்து மேலெழும். அதற்காகக் குறைந்தது 20 மி.மீ. விட்டு வையுங்கள்.

1997 முதல் 2000 வரையிலான எல்எஸ்1-இல் இன்னொரு சங்கதி உண்டு. ஹெட்களிலிருந்து நீராவியையும் காற்றையும் வெளியேற்றும் கூலன்ட் குழாய் மேனிஃபோல்டின் அடியில் முன்னும் பின்னும் ஓடும். எல்எஸ்6 மேனிஃபோல்டின் அடிப்பகுதி தாழ்வானது. அது பின்பக்கக் குழாயின் மேல் உட்காராது. பின்பக்கக் குழாயை எடுத்துவிட்டு, பிந்தைய மாடல்களில் வரும் அடைப்பான்களைப் போட வேண்டும். தாழ்ந்த அடிப்பகுதி கொண்ட மற்ற மேனிஃபோல்டுகளுக்கும் இதையே செய்ய வேண்டும். இந்தச் சிறு பாகத்தை வாங்காமல் பழையதைக் கழற்றிவிட்டால் வண்டி பாதியில் நிற்கும்.

சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டியவை

புதிய இன்டேக் கேஸ்கெட் செட், த்ராட்டில் பாடி கேஸ்கெட், இஞ்செக்டர் ஓ-ரிங் பதினாறு (ஒவ்வொரு இஞ்செக்டருக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று), மேப் சென்சார் (மேனிஃபோல்டுக்குள் உள்ள காற்றழுத்தத்தை அளப்பது) சீல், வாக்குவம் ஹோஸ் இரண்டு மீட்டர், சின்ன கிளிப்கள். 8, 10 மி.மீ. சாக்கெட்டும் வளைந்து கொடுக்கும் இணைப்பும். ஃபியூயல் லைனைப் பிரிக்கும் 3/8 அங்குல பிளாஸ்டிக் கருவி. நடுத்தர பலமுள்ள நீல நிற த்ரெட் லாக்.

டார்க் ரெஞ்ச் கால் அங்குல டிரைவில், 2 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை காட்டுவதாக இருக்கட்டும். வீல் நட்டுக்கு வைத்திருக்கும் அரை அங்குல ரெஞ்ச் இந்த வேலைக்கு உதவாது. 10 நியூட்டன் மீட்டரில் அது கிளிக் செய்யவே செய்யாது; அதற்குள் போல்ட் மரையைத் தின்றிருக்கும்.

முறுக்கு அளவின் அலகில் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்க மேனுவலில் மேனிஃபோல்டு போல்ட்டின் இறுதி முறுக்கு 89 என்று இருக்கும். அது இஞ்ச்-பவுண்டு, அதாவது 10 நியூட்டன் மீட்டர். அதையே அடி-பவுண்டு என்று எடுத்துக்கொண்டால் 120 நியூட்டன் மீட்டர் ஆகிறது. எம்6 போல்ட் அதற்கு முன்பே முறிந்து, பாதி ஹெட்டுக்குள் தங்கிவிடும்.

பழையதைக் கழற்றுதல்

இஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். ஃபியூயல் பம்ப் ரிலேயைப் பிடுங்கி, இஞ்சினை ஸ்டார்ட் செய்து, தானாக அணையும் வரை ஓட விடுங்கள். பிறகு ஃபியூயல் ரெயிலில் டயர் வால்வு போல இருக்கும் சோதனை வால்வின் மேல் துணியைப் போர்த்தி, ஊசியை அழுத்தி மிச்ச அழுத்தத்தை விடுங்கள். இந்த ரெயிலில் சாதாரணமாக நிற்கும் அழுத்தம் 58 பிஎஸ்ஐ, சுமார் 4 பார். அதை விடாமல் லைனைப் பிரித்தால் பெட்ரோல் முகத்தில் பீச்சும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அருகில் தீயணைப்பான் இருக்கட்டும். இதெல்லாம் முடிந்த பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள்.

ஏர் டக்ட், மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் (உள்ளே வரும் காற்றின் அளவைப் பார்ப்பது) கனெக்டர், த்ராட்டில் கனெக்டர் அல்லது கேபிள் என்று முன்னிருந்து பின்னோக்கிப் போங்கள். எல்எஸ்1 த்ராட்டில் பாடியின் அடியில் இரண்டு சின்ன கூலன்ட் ஹோஸ் இருக்கும். எடுக்கும்போது கொஞ்சம் கூலன்ட் ஒழுகும், கீழே பாத்திரம் வையுங்கள். மேனிஃபோல்டுக்குள் கூலன்ட் ஓடுவதில்லை என்பது எல்எஸ் இஞ்சினின் நல்ல குணம். ரேடியேட்டரை முழுக்க வடிக்க வேண்டியதில்லை.

இஞ்செக்டர் கனெக்டர்களை எடுக்கும் முன் ஒவ்வொன்றிலும் எண் ஒட்டுங்கள். டிரைவர் இடப்பக்கம் உட்காரும் அமெரிக்க காரில் டிரைவர் பக்கம் முன்னிருந்து 1, 3, 5, 7. மறுபக்கம் 2, 4, 6, 8. வாக்குவம் ஹோஸ்களுக்கும் அப்படியே ஒட்டுங்கள்: பிரேக் பூஸ்டர், பிசிவி (கிராங்க்கேஸ் வாயுவை இஞ்சினுக்கே திருப்புவது), எவாப் பர்ஜ் வால்வு (டேங்கின் பெட்ரோல் ஆவியை இஞ்சினுக்கு விடுவது). ஃபோட்டோ எடுத்தால் போதும் என்று விடாதீர்கள். ஃபோட்டோவில் ஹோஸின் ஒரு முனை தெரியும், மறுமுனை மேனிஃபோல்டின் முதுகுக்குப் பின்னால் மறைந்திருக்கும்.

போல்ட்டைத் தொடும் முன், மேனிஃபோல்டின் ஓரங்களைச் சுற்றிக் காற்றடித்து, வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள். இந்த இஞ்சினின் நடுப்பள்ளம் மணலும் சருகும் சேரும் இடம். சில நேரம் எலிக்கூடே இருக்கும். மேனிஃபோல்டைத் தூக்கும் நொடியில் எட்டு போர்ட்டும் வானம் பார்த்துத் திறந்திருக்கும். ஓரத்தில் இருந்த மணல் நேராக வால்வுக்கு இறங்கும்.

போல்ட்களை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, கால் கால் சுற்றாகத் தளர்த்துங்கள். தொழிற்சாலை மேனிஃபோல்டில் போல்ட்கள் அதன் துளைகளிலேயே மாட்டி நிற்கும், உருவி எடுக்க முயல வேண்டாம். ஃபியூயல் ரெயிலையும் இஞ்செக்டரையும் மேனிஃபோல்டோடு சேர்த்தே தூக்கிவிடலாம், அது சுலபம். 1998 முதல் 2002 வரையிலான கமேரோ, ஃபயர்பேர்ட் கார்களில் இஞ்சினின் பின்பாதி விண்ட்ஷீல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். முன்பக்கத்தைச் சற்றுத் தூக்கி, மேனிஃபோல்டை முன்னால் இழுத்து, பின்பக்கம் கையை விட்டு மேப் சென்சார் கனெக்டரையும் பிரேக் பூஸ்டர் ஹோஸையும் எடுங்கள். இழுக்கும்போது எதிலாவது தட்டினால் நிறுத்துங்கள். அது வயரிங்காக இருக்கும்.

தூக்கிய கையோடு எட்டு போர்ட்டையும் பஞ்சு உதிராத துணியால் அடையுங்கள். எட்டுத் துணி வைத்தால் எட்டுத் துணி திரும்ப வர வேண்டும். எண்ணி ஒரு தாளில் எழுதி வையுங்கள். வாஷர் ஒன்று போர்ட்டுக்குள் விழுந்தது தெரியாமல் ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன், வால்வு இரண்டும் போகும். ஸ்டீல் வாஷரை காந்தக் குச்சியால் எடுக்கலாம். அலுமினியத் துண்டைக் காந்தம் பிடிக்காது.

திறந்திருக்கும்போதே பார்க்க வேண்டியவை

ஆயில் பிரஷர் சென்சார் பிளாக்கின் பின்பக்கம், மேனிஃபோல்டுக்குப் பின்னால் நிற்கிறது. மேனிஃபோல்டு மேலே இருந்தால் அதை மாற்றுவது தலைவலி, இப்போது இரண்டு நிமிட வேலை. பழையதாக இருந்தால் மாற்றிவிடுங்கள்.

எல்எஸ்1, எல்எஸ்6 இஞ்சின்களில் இரண்டு நாக் சென்சாரும் (இஞ்சின் தட்டும் அதிர்வை உணர்பவை) நடுப்பள்ளத்தில் உள்ள குழிகளில் இருக்கும். மேலிருந்து இறங்கும் தண்ணீர் அந்தக் குழியில் தேங்கி, சென்சாரைத் துருப்பிடிக்க வைக்கும். ரப்பர் மூடி கிழிந்திருந்தால், குழியில் செந்தூள் தெரிந்தால், சென்சாரும் அதன் வயரும் மாற்றப்பட வேண்டியவை. முறுக்கு 20 நியூட்டன் மீட்டர். அதிர்வைச் சென்சார் உணர வேண்டும் என்பதால் இந்த அளவில் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எல்எஸ்2, எல்எஸ்3 இஞ்சின்களில் நாக் சென்சார் பிளாக்கின் பக்கவாட்டுக்குப் போய்விட்டது.

கூலன்ட் குழாயைத் தொட்டிருந்தால் அதன் சீல்களைப் புதிதாகப் போடுங்கள், போல்ட் 12 நியூட்டன் மீட்டர்.

ஹெட்டின் முகத்தைச் சுத்தம் செய்தல்

பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர், பிரேக் கிளீனர் நனைத்த துணி, இவை போதும். டிரில்லில் மாட்டிச் சுழற்றும் உரசு பேடுகளைப் பயன்படுத்தாதீர்கள். அவற்றிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்சைடு பொடி கண்ணுக்குத் தெரியாமல் இஞ்சினுக்குள் போய், ஆயிலில் கலந்து பேரிங்குகளை அரித்துவிடும். முகம் பளபளக்க வேண்டியதில்லை. விரல் நகத்தால் நீவும்போது எதுவும் தட்டாமல் இருந்தால் சரி.

பத்து போல்ட் துளைகளிலும் எம்6, 1.0 பிட்ச் டேப்பை (மரை வெட்டும் கருவி) கையால் மட்டும் விட்டு எடுத்து, காற்றடியுங்கள். துளைக்குள் பழைய த்ரெட் லாக் துகளோ எண்ணெயோ தங்கியிருந்தால் டார்க் ரெஞ்ச் பொய் சொல்லும். ரெஞ்ச் 10 காட்டும், மேனிஃபோல்டு இறுகியிருக்காது. மரை ஏற்கெனவே கிழிந்திருந்தால் இப்போதே ஹெலிகாயில் (புது மரை தரும் கம்பிச் சுருள்) போட்டுச் சரிசெய்யுங்கள். மேனிஃபோல்டு உட்கார்ந்த பிறகு அதற்கு வழியில்லை.

புதிய மேனிஃபோல்டைத் தயார் செய்தல்

பெட்டியிலிருந்து எடுத்த மேனிஃபோல்டு சுத்தமானது என்று நம்பாதீர்கள். வார்ப்பு அலுமினியத்தில் வார்ப்பு மணலும், மெஷினில் அறுத்தபோது சுருண்ட கம்பித்துகளும் மூலைகளில் ஒட்டியிருக்கும். வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் எடுத்து, பாட்டில் பிரஷ்ஷால் ஒவ்வொரு ரன்னரையும் இரு முனையிலிருந்தும் தேயுங்கள். கழுவி, காற்றடித்து, வெயிலில் உலர்த்துங்கள். உலர்ந்த பிறகு கவிழ்த்துப் பிடித்து ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். கீழே விரித்த வெள்ளைத் துணியில் ஒரு புள்ளி விழுந்தாலும் மறுபடி கழுவ வேண்டும். வெல்டிங் செய்த ஷீட் மெட்டல் மேனிஃபோல்டாக இருந்தால் உள்ளே வெல்டிங் மணி ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இந்த வேலைக்கு ஒரு மணி நேரம் போகட்டும். மொத்த வேலையில் இஞ்சினின் ஆயுளைக் காப்பாற்றுவது இதுதான்.

நேரான ஸ்டீல் ஸ்கேலை இரு பக்க முகத்திலும் நெடுக வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். 0.1 மி.மீ. தகடு தாராளமாக நுழைந்தால் மாட்டாதீர்கள். போல்ட் இழுத்து நேராக்கிவிடும் என்ற எண்ணத்தில்தான் காம்போசிட் மேனிஃபோல்டுகள் விரிசல் விடுகின்றன.

அடுத்து, கேஸ்கெட் இல்லாமல் ஹெட்டின் மேல் வைத்துப் பாருங்கள். பத்துத் துளைகளும் நேருக்கு நேர் வர வேண்டும், போல்ட் கையால் சுற்றினாலே இறங்க வேண்டும். ஹெட்டை மில்லிங் செய்து உயரம் குறைத்திருந்தால், வி வடிவ இஞ்சினில் இரு ஹெட்டும் கீழேயும் உள்ளேயும் நகர்ந்திருக்கும். துளைகள் ஒரு பக்கம் ஒத்துப்போய் மறுபக்கம் விலகினால் காரணம் அதுதான். துளையை ஃபைல் போட்டுப் பெரிதாக்குவது தீர்வல்ல. மேனிஃபோல்டின் முகத்தை மெஷின் ஷாப்பில் அதே கணக்குக்கு எடுக்க வேண்டும்.

போர்ட் ஒட்டுமிடத்தில் ஒரு விதி: மேனிஃபோல்டின் வாய் ஹெட்டின் வாயை விட ஒரு இம்மி சிறியதாக இருக்கலாம், பெரியதாக இருக்கக் கூடாது. பெரியதாக இருந்தால் வருகிற காற்று ஹெட்டின் உதட்டில் முட்டிச் சிதறும்.

போல்ட் நீளத்தையும் பாருங்கள். புதிய மேனிஃபோல்டின் விளிம்புத் தடிமன் வேறாக இருக்கும், அதனால் அதனுடன் வந்த போல்ட்டையே போடுங்கள். அலுமினிய ஹெட்டில் எம்6 போல்ட் குறைந்தது 9 மி.மீ. மரைக்குள் இறங்க வேண்டும். அதே சமயம் துளையின் அடியைத் தொடக் கூடாது. தொட்டால் முறுக்கு ஏறும், மேனிஃபோல்டு தளர்வாகவே நிற்கும்.

பயன்படாத வாக்குவம் துளைகளின் பிளக், சென்சார், ஹோஸ் முனை எல்லாவற்றையும் மேசையிலேயே மாட்டிவிடுங்கள். கூம்பு மரை பிளக்குகளுக்கு சீல் டேப் சுற்றுவதை விட பேஸ்ட் நல்லது. டேப்பின் இழை பிய்ந்து உள்ளே போக வாய்ப்புண்டு. கை இறுக்கத்துக்குப் பிறகு ஒன்றிலிருந்து ஒன்றரைச் சுற்று போதும். அதற்கு மேல் போனால் வார்ப்பு பிளந்துவிடும்.

மாட்டுதல்

எல்எஸ் கேஸ்கெட் மேனிஃபோல்டின் பள்ளத்தில் அழுத்தி உட்கார வைக்கும் ரப்பர் வகை. ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் சுற்றிலும் அழுத்துங்கள். உட்கார்ந்த கேஸ்கெட் எல்லாப் பக்கமும் ஒரே உயரத்துக்கு வெளியே துருத்தி நிற்கும். ஒரு மூலை உயர்ந்திருந்தால் அது மாட்டும்போது மடங்கும். சிலிக்கான், கேஸ்கெட் ஷெல்லாக், கிரீஸ் எதுவும் இங்கே பூச வேண்டாம். பூசினால் ரப்பர் வழுக்கி, இறுக்கும்போது பள்ளத்தை விட்டு நகரும். முகங்கள் சுத்தமாக, காய்ந்து இருக்க வேண்டும். பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடுவது வீண் சிக்கனம். அது அமுங்கித் தட்டையாகி இருக்கும்.

துணிகளை எண்ணி எடுங்கள். டார்ச் அடித்து எட்டு போர்ட்டையும் ஒருமுறை பாருங்கள். பிறகு இருவராக, மேனிஃபோல்டை நேராக மேலிருந்து இறக்குங்கள். பின்பக்க கனெக்டர்களையும் பிரேக் பூஸ்டர் ஹோஸையும் முழுக்க இறக்கும் முன்பே மாட்டிவிட வேண்டும். இறங்கிய பிறகு முன்னும் பின்னும் தேய்த்து நகர்த்தினால் கேஸ்கெட் உருளும். இடம் மாறி உட்கார்ந்தால் தூக்கி, கேஸ்கெட்டைப் பார்த்து, மறுபடி இறக்குங்கள்.

போல்ட் மரையில் 5 மி.மீ. அகலத்துக்கு நீல த்ரெட் லாக். பத்தையும் விரலால் இறங்கும் வரை சுற்றுங்கள். ஒன்று கையால் இறங்காவிட்டால் ரெஞ்ச்சால் இறக்க முயலாதீர்கள், மரை குறுக்கே ஏறியிருக்கிறது. பிறகு இரண்டு சுற்று: முதல் சுற்றில் எல்லாம் 5 நியூட்டன் மீட்டர், இரண்டாம் சுற்றில் 10. வரிசை நடுவில் தொடங்கி முனைகளை நோக்கி, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறிப் போக வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் ஓரம் பிடித்துக்கொண்டு நடு எழும்பி நிற்கும். நடு போர்ட்டுகளில்தான் காற்று புகும். உற்பத்தியாளர் தாளில் வேறு அளவோ வரிசையோ தந்திருந்தால் அதுவே செல்லும். த்ரெட் லாக் காய்ந்த பிறகு, 'எதற்கும் ஒருமுறை' என்று மறுபடி முடுக்காதீர்கள். அதன் பிடி உடைந்துவிடும்.

இஞ்செக்டர் ஓ-ரிங்கில் சுத்தமான இஞ்சின் ஆயில் ஒரு துளி தடவி, நேராக அழுத்துங்கள். 'பொத்' என்று அமரும். காய்ந்த ஓ-ரிங்கை அழுத்தினால் அதன் விளிம்பு சீவப்பட்டு, மெல்லிய கறுப்பு வளையமாக வெளியே எட்டிப்பார்க்கும். அப்படிப் பார்த்தால் உடனே மாற்றுங்கள். ரெயில் போல்ட் 10 நியூட்டன் மீட்டர். இறுக்கிய பிறகு ஒவ்வொரு இஞ்செக்டரும் விரலால் சற்றே சுழல வேண்டும். சுழலாவிட்டால் கோணலாக மாட்டியிருக்கிறது. த்ராட்டில் பாடி போல்ட்டின் முறுக்கை உங்கள் இஞ்சினின் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். கேபிள் த்ராட்டிலாக இருந்தால் ஒருவர் பெடலை முழுக்க மிதிக்க, இன்னொருவர் தட்டு முழுக்கத் திறக்கிறதா, விட்டவுடன் தடையின்றி மூடுகிறதா என்று பாருங்கள். எலக்ட்ரானிக் த்ராட்டிலில் இக்னிஷன் போட்ட நிலையில் விரலை உள்ளே விடக் கூடாது, மோட்டார் நசுக்கிவிடும்.

முதல் ஸ்டார்ட்

ஃபியூயல் பம்ப் ரிலேயையும் பேட்டரியையும் திரும்ப மாட்டுங்கள். ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, பம்ப் இரண்டு விநாடி ஓடி நிற்கட்டும். இதை மூன்று முறை செய்யுங்கள். ரெயில் அழுத்தம் 58 பிஎஸ்ஐ ஏறி நிற்க வேண்டும். டார்ச் அடித்து எட்டு இஞ்செக்டரின் மேலும் கீழும், லைன் இணைப்பிலும் உலர்ந்த டிஷ்யூவை ஒற்றிப் பாருங்கள். எங்காவது ஈரம் தெரிந்தால் ஸ்டார்ட் கிடையாது.

ஸ்டார்ட் ஆனதும் ஐட்லிங் சில விநாடி ஏறி இறங்கலாம். நிலைத்த பிறகு ஸ்கேனரைப் பாருங்கள். கடல்மட்டத்தில், கேம் மாற்றாத இஞ்சினில் ஐட்லிங் மேப் (மேனிஃபோல்டு காற்றழுத்தம்) 30 முதல் 40 கிலோபாஸ்கல் சுற்றி நிற்கும். பெரிய கேம் என்றால் இதை விட உயரும். பிறகு இஞ்சினை அணைத்து, பிரேக் பெடலை நான்கு முறை மிதித்துக் கடினமாக்கி, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் பூஸ்டர் ஹோஸ் மாட்டவில்லை அல்லது கசிகிறது. வண்டியை நகர்த்தாதீர்கள்.

கசிவைக் கண்டுபிடித்தல்

ஃபியூயல் டிரிம், அதாவது கம்ப்யூட்டர் தானாகக் கூட்டிக் குறைக்கும் பெட்ரோல் திருத்தம்தான் நேர்மையான சாட்சி. மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள காரில், ஐட்லிங்கில் டிரிம் +20 சதவீதம் காட்டி, 2,500 ஆர்.பி.எம்.மில் +5-க்கு இறங்கினால் அது காற்றுக் கசிவு. காரணம் எளிது. ஓட்டையின் அளவு மாறுவதில்லை, இஞ்சின் இழுக்கும் மொத்தக் காற்று கூடும்போது ஓட்டையின் பங்கு சுருங்கிவிடுகிறது. ஆர்.பி.எம். ஏற ஏற டிரிம்மும் ஏறினால் கசிவல்ல, பெட்ரோல் பற்றாக்குறை. பி0171, பி0174 (இஞ்சினின் இரு பக்கங்களிலும் கலவை மெலிந்ததைச் சொல்லும் பிழைக் குறியீடுகள்) இரண்டும் சேர்ந்து வந்தால் பொதுவான இடத்தில் தேடுங்கள்: த்ராட்டில் கேஸ்கெட், பிசிவி, பூஸ்டர் ஹோஸ். ஒன்று மட்டும் வந்தால் அந்தப் பக்கத்து கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள்.

மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரை எடுத்துவிட்டு ஸ்பீட் டென்சிட்டியில் (மேப், ஆர்.பி.எம். வைத்துக் காற்றைக் கணக்கிடும் முறை) ஓடும் காரில் கணக்கு மாறும். கசிந்து புகுந்த காற்றையும் மேப் சென்சார் பார்த்துவிடுகிறது. கம்ப்யூட்டர் அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் விடும். அங்கே கலவை மெலிவதை விட ஐட்லிங் எகிறுவதுதான் முதல் அடையாளம். டிரிம் நன்றாக இருக்கிறது என்று ஏமாந்துவிடக் கூடாது.

இடத்தைக் கண்டுபிடிக்கப் புகை சோதனை செய்யுங்கள். ஏர் டக்டை அடைத்து, ஒரு பிஎஸ்ஐக்குள் புகையை ஏற்றினால் அது ஓட்டையைக் காட்டிக்கொடுக்கும். எல்எஸ் மேனிஃபோல்டின் அடிப்பக்கக் கசிவு மேலிருந்து தெரியாது. புகை நடுப்பள்ளத்தில் சேர்ந்து, பின்பக்க விளிம்பு வழியே மெதுவாக எழும். அதனால் பின்பக்கம் சிறு கண்ணாடியைப் பிடித்துப் பொறுமையாகக் காத்திருங்கள். எரியும் ஸ்ப்ரேயைச் சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அடித்துத் தேடும் பழக்கத்தை விட்டுவிடுவது உயிருக்கு நல்லது.

டியூனிங்

மேனிஃபோல்டு மாறினால் ஒவ்வொரு ஆர்.பி.எம்.மிலும் சிலிண்டர் நிறையும் அளவு மாறுகிறது. கம்ப்யூட்டரின் விஇ டேபிள் (சிலிண்டர் எவ்வளவு நிறைகிறது என்ற அட்டவணை) பழைய மேனிஃபோல்டுக்கு எழுதியது. எச்பி டியூனர்ஸ் போன்ற மென்பொருளில் லாக் (ஓட்டும்போது சென்சார்கள் காட்டியதன் பதிவு) எடுத்து, டிரிம் ±5 சதவீதத்துக்குள் வரும் வரை அதைத் திருத்துங்கள். த்ராட்டில் பாடியையும் பெரிதாக்கியிருந்தால் த்ராட்டில் பரப்பளவு, ஐட்லிங் காற்று அளவு இரண்டும் மாற வேண்டும். அதைச் செய்யாத காரில் பெடலை விட்டதும் ஆர்.பி.எம். ஊஞ்சலாடும், இல்லை தொங்கி நிற்கும். பலர் இதைக் காற்றுக் கசிவு என்று நினைத்து மேனிஃபோல்டைத் திரும்பக் கழற்றுகிறார்கள்.

முழு த்ராட்டிலில் ஓட்டும் முன் எக்ஸாஸ்டில் கலவையை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் கட்டாயம். டர்போ இல்லாத பெட்ரோல் இஞ்சினில் 12.5 முதல் 12.9 வரையிலான காற்று-எரிபொருள் விகிதம் பாதுகாப்பான இலக்கு. மேல் ஆர்.பி.எம்.மில் காற்று கூடியதால் நாக் ரிட்டார்ட் (தட்டல் உணர்ந்து கம்ப்யூட்டர் இக்னிஷனைத் தாமதப்படுத்துவது) வருகிறதா என்றும், இஞ்செக்டர் டூட்டி (இஞ்செக்டர் திறந்திருக்கும் நேரப் பங்கு) 85 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்றும் அதே லாக்கில் பாருங்கள். தாண்டினால் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு, பெரிய இஞ்செக்டர் போட்ட பிறகே மறுபடி முயலுங்கள்.

அந்த லாக்கில் மேப் வரியையும் ஒருமுறை படியுங்கள். வெளிக்காற்று அழுத்தம் 100 கிலோபாஸ்கல் இருக்கும்போது, முழு த்ராட்டிலில் உச்ச ஆர்.பி.எம்.மில் மேப் 97-க்கு மேல் நின்றால் மேனிஃபோல்டுக்கு வேண்டிய காற்று தடையில்லாமல் வந்து சேர்கிறது. 93, 94 என்று சரிந்தால் தடை மேனிஃபோல்டுக்கு முன்னால் இருக்கிறது. முதலில் ஏர் ஃபில்டரையும், பிறகு டக்டின் வளைவுகளையும், கடைசியாக த்ராட்டில் பாடியின் அளவையும் பாருங்கள்.